பேக்கர் துரையும் ஸ்மட் என்ற நாயும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களிடம் பழைய வெள்ளைக்காரத் துரைமார்களைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், எப்படியும் அது பங்களா நாய்களில் வந்து நிற்கும். எந்தத் துரை எந்த நாய் வைத்திருந்தார், அதற்கு எத்தனை ராத்தல் இறைச்சி போனது, அதைக் குளிப்பாட்ட எந்த லயத்துப் பையன் போனான் என்பதெல்லாம் நினைவிருக்கும். அந்த நாய்க்குத் தாய், தகப்பன், பாட்டன் பெயரெல்லாம் எழுதிய காகிதம் உண்டு என்பதும் லயத்தில் ஆச்சரியமாகப் பேசப்பட்ட செய்திதான். குளிப்பாட்டிய பையனுக்குப் பிறப்புப் பத்திரம் இருந்ததா என்பது வேறு கதை.

இந்தப் பழக்கம் மலாயாவில் முளைத்ததல்ல. ரப்பருக்கு முன்பே இங்கு காப்பி நட வந்த துரைமார்களில் பலர் இலங்கை மலைநாட்டில் தொழில் பழகியவர்கள். சுங்கை ஊஜோங்கில் லின்சம் தோட்டத்தோடு பெயர் சேர்ந்துவிட்ட ஹில் துரையும் இலங்கையிலிருந்து வந்தவர்தான். கங்காணி முறையும் லயமும் பங்களாவும் எந்த வழியாக வந்தனவோ, வேட்டை நாய் மோகமும் அந்த வழியாகவே வந்தது. அந்த மோகத்துக்கு இலங்கையில் பேர் போனவர் ஒருவர் இருந்தார். சர் சாமுவேல் வைட் பேக்கர்.

உலகம் அவரை நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போனவராகத்தான் அறியும். ஆப்பிரிக்காவுக்குப் போவதற்கு முன் அவர் இலங்கையில் பல ஆண்டுகள் பண்ணை நடத்தினார், நாய் வளர்த்தார், வேட்டையாடினார். அவரைப் பற்றிய நூல்கள் அந்தக் காலத்தைச் சில பக்கங்களில் தாண்டிவிடும். தோட்டத் தமிழர்களுக்கோ அந்தப் பக்கங்கள்தான் முக்கியம்.

பேக்கர் 1821 ஜூன் 8ஆம் நாள் லண்டனில் பிறந்தார். தகப்பனார் கப்பல் முதலாளி, வணிகர். ஜமைக்காவிலும் மொரீசியஸிலும் கரும்புத் தோட்டங்கள் வைத்திருந்தவர். 1843இல் சாமுவேலும் தம்பி ஜானும் ஒரே நாளில், ஒரே வீட்டில் பிறந்த அக்காள் தங்கையைக் கட்டிக்கொண்டார்கள். சாமுவேலின் மனைவி பெயர் ஹென்ரியேட்டா. குடும்பத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள மொரீசியஸ் போனார்கள். அங்கே கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்களில் தமிழர்களும் உண்டு. ஆனால் கரும்பு பேக்கருக்குப் பிடிக்கவில்லை. வேட்டைக்குப் பேர்போன இலங்கைக்கு 1846 வாக்கில் வந்து சேர்ந்தார்.

தாழ்நிலக் காடுகளில் யானை வேட்டையாடித் திரிந்தவரைக் காய்ச்சல் பிடித்து உலுக்கியது. உடம்பு தேற நுவரெலியாவுக்கு ஏறினார். கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல், இங்கிலாந்தைப் போலக் குளிர். இரண்டு வாரத்தில் ஆள் தேறிவிட்டார். அந்தத் தெம்பிலேயே ஒரு திட்டம் போட்டார்: இங்கே இங்கிலாந்துக் கிராமம் ஒன்றை அப்படியே கொண்டுவந்து நட்டுவிட வேண்டும்.

ஊருக்குப் போய் 1848இல் ஒரு கப்பல் நிறையச் சாமான்களோடு புறப்பட்டார். பண்ணை மேலாளர், கொல்லர், குதிரைக்காரர் என்று ஆட்கள். டர்ஹம் இனப் பசு ஒன்று, மூன்று தனித்தனி இனத்தில் மூன்று செம்மறிக் கடாக்கள், 1839ஆம் ஆண்டு செயின்ட் லெஜர் பந்தயத்தில் வென்ற பன்னிரண்டாம் சார்லஸ் என்ற குதிரைக்குப் பிறந்த ஆண் குதிரை. கூடவே ஃபாக்ஸ்ஹவுண்ட் நாய்க் கூட்டம், பிரான் என்ற பிரியமான கிரேஹவுண்ட். எல்லாம் உசத்தியான சாதி, வம்சம் தெரிந்த பிறப்பு. நல்ல இரத்தம் இருந்தால் எந்த மண்ணிலும் எடுபடும் என்பது அந்தக் காலத்து ஆங்கிலேயரின் நம்பிக்கை.

மலை வேறு மாதிரி நினைத்தது. அந்தப் பசு மேலே ஏறும் வழியிலேயே மாண்டது. வண்டி பள்ளத்தில் கவிழ்ந்தது. அதை மீட்கக் கொடுத்த யானையைக் குதிரைக்காரர் பந்தயக் குதிரை போல மலைப்பாதையில் ஓட்டினார், யானையும் செத்துப்போனது. பண்ணையில் கொள்ளைநோய் வந்து 26 எருதுகள் சில நாட்களில் விழுந்தன. முதல் ஆண்டிலேயே ஆஸ்திரேலியக் குதிரைகள் ஐந்து போயின. உருளைக்கிழங்கைப் புழு தின்றது. ஓட்ஸ் பயிரைக் காட்டுப்பன்றியும் மரையும் இரவில் வேலி உடைத்து மேய்ந்தன. செம்பனைக் கன்றைப் பன்றி தோண்டிப் போட்ட காலையைப் பார்த்தவர்களுக்கு இந்த வரியைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

மரை என்று இலங்கைத் தமிழர் சொல்வதைத் தமிழ்நாட்டில் கடமான் என்பார்கள், மலேசியாவில் ரூசா. இலங்கைத் துரைமார்கள் அதற்கு எல்க் என்று பெயர் வைத்தார்கள். எல்க் உண்மையில் குளிர் நாட்டு மிருகம். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஊர்ப்பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழக்கம் அவர்களுக்கு இல்லை.

இந்த மரை வேட்டையில்தான் பேக்கரின் நாய்ப் பாடம் தொடங்குகிறது.

தாழ்நிலத்தில் அவர் துப்பாக்கியால் யானைகளை வீழ்த்தினார், ஏராளமாக வீழ்த்தினார். இன்று படிக்கும் எவருக்கும் அது கசக்கும். மலையில் வேட்டை வேறு விதம். அடர்ந்த காடு, எதிரே பத்தடி தெரியாது. நாய்கள் மோப்பம் பிடித்து ஓட வேண்டும், மரை ஆற்றுப்பள்ளத்தில் திரும்பி நின்று கொம்பைக் காட்டும்போது அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். துரை குரைப்புச் சத்தத்தைக் காதால் பின்தொடர்ந்து ஓடி வந்து கத்தியால் வேலையை முடிப்பார். துப்பாக்கி கிடையாது. நாய் சரியில்லை என்றால் மரை தப்பும். பன்றியாக இருந்தால் துரையே தப்ப மாட்டார்.

இதற்கு ஒரே நாயில் எத்தனை குணம் வேண்டும் பாருங்கள். ஃபாக்ஸ்ஹவுண்டுக்கு மூக்கும் மூச்சும் உண்டு, கூட்டமாக ஓடப் பழகியது, வாய் விட்டுக் குரைக்கும். ஆனால் கொம்பு நீட்டி நிற்கும் பெரிய மிருகத்தைப் பிடிக்கும் உடல்கட்டு அதற்கு இல்லை. அதை வளர்த்தது நரியை விரட்ட. கிரேஹவுண்ட் காற்றாகப் பறக்கும், ஆனால் கண்ணால் பார்த்ததைத்தான் விரட்டும். காட்டுக்குள் மிருகம் மறைந்தால் அதற்கு வேலை போயிற்று. பிளட்ஹவுண்டின் மூக்கு நிகரற்றது, வேகம் போதாது. இங்கிலாந்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு சாதியாகப் பிரித்துத் தலைமுறை தலைமுறையாகச் சுத்தப்படுத்தி வைத்திருந்ததை இந்த மலையில் மறுபடி கலக்க வேண்டியதாயிற்று.

பேக்கர் கலந்தார். பல ஆண்டு தட்டுத்தடுமாறி அவர் கண்ட கூட்டம் சுமார் 20 நாய்கள். பாதிக்கு மேல் கிட்டத்தட்ட சுத்தமான ஃபாக்ஸ்ஹவுண்டுகள், மோப்பத்துக்கும் குரலுக்கும். பிளட்ஹவுண்டும் கிரேஹவுண்டும் கலந்து பிறந்த பெரிய நாய்கள் சில, பிடித்து நிறுத்துவதற்கு. ஸ்காட்லாந்து மான்வேட்டை நாயின் சாயலில் முரட்டு முடியுள்ள லர்ச்சர்கள் இரண்டு.

இதைப் பராமரிப்பது லேசான காரியமல்ல. சிறுத்தைக்கு நாய் என்றால் கொள்ளை ஆசை. பன்றியின் தந்தம் வயிற்றைக் கிழிக்கும், மரையின் கொம்பு நெஞ்சைக் குத்தும், காட்டில் வழி தவறியது திரும்பாது. தாழ்நிலச் சூட்டில் ஈரல் கெட்டு நாய்கள் சீக்கிரம் செத்தன. இனம் பெருக்குவதற்குத் தோதான குளிர் நுவரெலியாவில்தான் இருந்தது. இங்கிலாந்திலிருந்து புதிதாகக் கொண்டுவர மாதக்கணக்கில் கப்பல் பயணம், பெருஞ்செலவு. கலப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு சாதியின் முதல் கலப்பில் பிறக்கும் குட்டிகள் பெரும்பாலும் ஒரே அச்சில், பலமாக இருக்கும். அவற்றையே மறுபடி இணைத்தால் அடுத்த ஈற்றில் ஒன்று பாட்டனைப் போலும் ஒன்று பாட்டியைப் போலும் சிதறிப் பிறக்கும். அதனால் சுத்தமான தாய்க்கோடு இல்லாமல் கலப்பு நாய் தொடர்ந்து கிடைக்காது. வம்சாவளிக் காகிதம் வெறும் பெருமைக்காக வந்ததல்ல. அதற்கு இந்தப் பயன் உண்டு.

ஆனால் கூட்டத்தில் எந்த நாய்க்கு இடம் என்று முடிவு செய்யும்போது பேக்கர் காகிதத்தைப் பார்க்கவில்லை. பார்வைக்குக் கசாப்புக்கடை நாயைப் போல இருந்தாலும் வேலையில் கெட்டியாக இருந்தால் அதை விட முடியாது என்பது அவர் 1850களின் தொடக்கத்தில் எழுதிய வேட்டை நூலில் ஒப்புக்கொண்ட உண்மை. உசத்தி இரத்தத்தைக் கப்பலேற்றி வந்தவர், ஐந்தாறு வருடத்தில் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

அவரை மாற்றிய நாய்களில் முதல்வன் ஸ்மட். தகப்பன் மணிலா பிளட்ஹவுண்ட். மஞ்சள் நிறம், உடம்பெல்லாம் தழும்பு, எசமானைக் கண்டாலும் உறுமல்தான். முதலில் ஒரு படை அதிகாரியிடம் இருந்து பிறகு பேக்கரிடம் வந்தவன். தோளுயரம் இருபத்தாறரை அங்குலம், மார்புச் சுற்றளவு 34 அங்குலம். மரையும் பன்றியுமாகக் குறைந்தது 400 வேட்டைகளில் நின்றவன் என்பது பேக்கர் கணக்கு. சிறுத்தைகளோடு கட்டிப் புரண்டு கந்தலாகித் திரும்பியும் வாலைத் தாழ்த்தாதவன்.

ஸ்மட்டின் பெருமை ஆவேசத்தில் மட்டும் இல்லை. கண்மண் தெரியாமல் பன்றியின் தந்தத்தில் போய் விழுந்து சாகும் நாய்கள் நிறைய. ஸ்மட் காத்திருப்பான், சரியான கணம் வந்ததும் பாய்வான். இளமையில் மோப்பம் கிடைத்ததும் குரைத்தவன், வயதாக ஆக வாயை மூடிக்கொண்டான். பின்னால் சத்தம் கேட்கக் கேட்க மரை வேகமாக ஓடும் என்பதை அவனாகவே கற்றுக்கொண்டான். சில நேரம் இரவெல்லாம் தனியாகக் காட்டில் இருந்து, தானே ஒரு பெண் மரையை வீழ்த்தித் தின்றுவிட்டு, காலையில் வயிறு புடைக்க வீடு வந்து சேருவான். இந்தப் புத்தியைத் தகப்பன் பெயர் எழுதிய எந்தத் தாளிலும் குறிக்க முடியாது.

ஸ்மட்டுக்கு நேர் எதிர் கில்பக். ஆஸ்திரேலியக் கிரேஹவுண்ட், தோளுயரம் 28 அங்குலம், குழந்தை போலச் சாது. வேறு நாய் நெருங்க அஞ்சும் மரையின் மேல் தாவிப் பாய்வது அதன் சுபாவம். ப்ளூபியர்ட் என்ற ஃபாக்ஸ்ஹவுண்ட் 1847இல் நுவரெலியாவிலேயே பிறந்து, பல கை மாறிப் பேக்கரிடம் வந்தது. ஆறிப்போன தடத்திலும் மோப்பம் எடுக்கும். மரை எங்கே படுத்திருக்கும் என்று அதற்குத் தெரியும். இரத்தம் இங்கிலாந்து, அறிவு இந்த மலை.

இப்படிச் சுத்தமாகப் பிறந்த நாயையும் கலந்து பிறந்த நாயையும் வேலையை வைத்தே எடைபோட அந்த மலையில் பழகியபோது, இங்கிலாந்தில் நாய்க் கண்காட்சி என்ற ஒன்றே தொடங்கவில்லை. முதல் கண்காட்சி 1859இல் நியூகாசிலில் நடந்தது. அழகு மட்டும் போதாது, வயலில் இறக்கி வேலையைப் பார்க்க வேண்டும் என்று முதல் களப்போட்டி 1865இல் பெட்ஃபர்ட்ஷயரில் நடந்தது. நாய்களின் வம்சத்தைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் 1873இல் பிறந்தது. காகிதமா வேலையா என்ற வழக்கு அன்றிலிருந்து இன்றுவரை நாய் வளர்ப்போரிடையே ஓயவில்லை.

தமிழர்களுக்கு இந்த அறிவு அயலானது என்று நினைக்க வேண்டாம். முயல் வேட்டைக்குச் சிப்பிப்பாறையும் கன்னியும், பன்றிக்குக் கோம்பையும் தென்மாவட்டங்களில் காலங்காலமாக வளர்க்கப்பட்டவை. எந்த வீட்டு நாய்க்கு எந்த ஊர் நாயைச் சேர்ப்பது என்ற கணக்குப் பெரியவர்களின் வாயிலேயே இருந்தது. ராஜபாளையம் நாய்க்கு இந்திய அஞ்சல் துறை 2005இல் தபால்தலை வெளியிட்டது. கப்பலேறிய நம் முன்னோர் பலர் இந்த ஊர்ப்பக்கத்தவர்கள்தான்.

துரைமார்கள் அந்த நாய்களைப் பார்த்ததாகத் தெரியவில்லை. இங்கிலாந்து இரத்தம் இல்லாத நாய்க்கெல்லாம் அவர்கள் ஒரே பெயர் வைத்தார்கள். பறையர் என்ற தமிழ்ச் சமூகத்தின் பெயரை எடுத்து, ஒதுக்கப்பட்டவன் என்று பொருள் ஏற்றி, அதைத் தெருநாய்க்குச் சூட்டினார்கள். 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் அந்த நாயும் ஏறியிருக்கிறது. சாதியைக் கண்டுபிடித்தவர்கள் அவர்கள் அல்ல, அது நம்மவர் செய்த பாவம். ஆனால் ஒரு மக்கள் பெயரை நாய்ப்பெயராக்கி உலகமெங்கும் கொண்டுபோனவர்கள் அவர்கள். அது மலாயாவுக்கும் வந்து வசைச்சொல்லாகத் தங்கிவிட்டது. 2011இல் ஐந்தாம் படிவத்துக்கு வைக்கப்பட்ட இன்டர்லோக் நாவலில் அந்தச் சொல் இருந்ததற்காக இந்தியச் சமூகம் கொதித்ததும், கடைசியில் நூல் பள்ளிகளிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டதும் நினைவிருக்கும்.

பேக்கர் நுவரெலியாவில் இருந்த அதே ஆண்டுகளில்தான் தமிழ்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கானோர் மன்னாரில் கரையேறி, மாத்தளைவரை காட்டுவழி நடந்து, காப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். காலராவும் காய்ச்சலும் பசியும் வழியெங்கும் ஆளைத் தின்றன. 1840களில் இறந்தவர்கள் 70,000 பேர் இருக்கலாம் என்று 1849இல் கொழும்புப் பத்திரிகை ஒன்று மதிப்பிட்டது. மதிப்பீடுதான், சரியாக எண்ணி வைத்தவர் இல்லை. ஸ்மட்டின் தோளுயரம் அரை அங்குலம் பிசகாமல் கிடைக்கிறது. அந்தப் பாதையில் விழுந்தவர்களின் பெயர்கள் கிடைக்கவில்லை.

நாயைப் பிறப்பால் அல்ல, வேலையால் மதிக்கலாம் என்று கற்ற பேக்கர் அந்தப் பாடத்தை மனிதரிடம் கொண்டுபோகவில்லை. இலங்கை மக்களைப் பற்றியும் பின்னாளில் ஆப்பிரிக்கர்களைப் பற்றியும் அவர் எழுதியவற்றில் இனத்தை வைத்துத் தாழ்த்தும் எழுத்து நிறைய. காடு வெட்டியவனும் நாய்க்குச் சோறு வைத்தவனும் அவர் நூல்களில் பெரும்பாலும் கூலி என்ற ஒற்றைச் சொல்லாகவே வந்து போகிறார்கள். நாய்களுக்கு ஒவ்வொன்றுக்கும் பெயரும் குணமும் உண்டு.

மலை அவருக்கும் கருணை காட்டவில்லை. ஹென்ரியேட்டா ஏழு குழந்தைகள் பெற்றார். மூன்று சிறுவயதிலேயே போய்விட, நான்கு பெண்கள் தங்கினார்கள். குடும்பத்தில் உடல்நலம் கெட்டு 1855இல் இலங்கையை விட்டுக் கிளம்பினார்கள். அந்த ஆண்டின் இறுதியில் பிரான்ஸ் நாட்டில் ஹென்ரியேட்டா காய்ச்சலில் இறந்தார். பேக்கருக்கு வயது 34.

பிறகு நடந்தது உலகம் அறிந்த கதை. நாடிழந்த பஞ்சாப் மகாராஜா துலீப் சிங்குடன் 1858-59 குளிர்காலத்தில் டான்யூப் பக்கம் வேட்டைக்குப் போனவர், விடின் என்ற ஊரில் அடிமை ஏலத்தில் நின்ற இளம்பெண்ணைக் கண்டார். பிற்காலத்தில் ஃபுளோரன்ஸ் என்று பேர் பெற்ற அந்தப் பெண்ணை அங்கிருந்து மீட்டுக்கொண்டு வந்தார். அவரே வாழ்க்கைத் துணையானார். இருவரும் நைல் வழியே போய் 1864 மார்ச் 14ஆம் நாள் ஆல்பர்ட் ஏரியைக் கண்டார்கள். 1866இல் பேக்கருக்குச் சர் பட்டம். 1869 முதல் நான்காண்டு எகிப்து ஆட்சியாளருக்காக மேல் நைல் பகுதியில் அடிமை வாணிபத்தை ஒடுக்கப் படை நடத்தினார். ஏலத்தில் நின்ற பெண் என்பதாலும், மணமாகும் முன்பே கூடப் பயணித்தவர் என்பதாலும், விக்டோரியா மகாராணி ஃபுளோரன்ஸை அரண்மனையில் ஏற்கவில்லை. நைல் பயணத்தில் காய்ச்சலிலும் பட்டினியிலும் கூடவே நின்றவர் அவர். பிறப்பும் முன்கதையும்தான் அங்கே எண்ணப்பட்டன.

முதுமையில் இந்தியாவில் பலமுறை வேட்டையாடிவிட்டு, இங்கிலாந்தின் டெவன் பகுதியில் 1893 டிசம்பர் 30ஆம் நாள் பேக்கர் கண்மூடினார்.

நுவரெலியாவில் தம்பி ஜான் குடும்பம் பண்ணையைத் தொடர்ந்தது. காப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தபோது, பண்ணை இருந்த மாகாஸ்தோட்டைப் பக்கமும் தேயிலையானது. மரையைக் கத்தியால் வேட்டையாடிய ஹோர்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாயிற்று. அங்கே ஓர் அருவிக்கு இன்றும் பேக்கர் பெயர்தான். பூங்காவுக்குள் நாய் கொண்டுபோகக் கூடாது. வாகனம் நிறுத்துமிடத்திலேயே மரைகள் வந்து நிற்கின்றன. சுற்றுலா வந்தவர்களைக் கண்டு விலகுவதுகூட இல்லை.